காருக்கு ஒரு டானிக்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தம்பிகளிடம் மோட்டார் கார் கிடையாது. இருந்திருந்தால், அந்தப் பழமொழியைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். தங்கமான பிள்ளை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்று போனாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். அவனும் சளைக்காமல் போய், கழற்றித் துடைத்து மாட்டி, ஓட வைத்துவிட்டு வருவான். மாட்டிய பிறகு ஒன்றிரண்டு திருகாணிகள் மிச்சம் இருக்கும். "இதெல்லாம் அவசியமே இல்லை, அக்கா. கம்பெனிக்காரன் சும்மா போட்டு வைத்திருக்கிறான்" என்பான். கம்பெனிக்காரன் எதையும் சும்மா போடுவதில்லை என்று தெரிந்து கொள்வதற்கு எங்கள் குடும்பத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய் செலவாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2022-ஆம் வருஷம் தை மாதம் அப்பா கார் வாங்கினார். ஆடிட் இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் பிறர் கணக்கைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, "அம்மாவுக்கு முழங்கால் வலி, இனி பஸ் ஏற வேண்டாம்" என்று வாங்கிய கார். சின்ன எஞ்சின்தான், ஆனால் 'டர்போ' வைத்தது. மூன்று வருஷம், அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை கம்பெனியின் உத்தரவாதம். அந்த உத்தரவாதப் புத்தகத்துக்கு அப்பா பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேலே பெயரும் எழுதி, பீரோவில் வைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் தம்பி, "வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டு வருகிறேன்" என்று எடுத்துப் போனான். திரும்பி வந்த வண்டி பார்ப்பதற்குப் பழைய வண்டியாகத்தான் இருந்தது. ஆனால் மறு நாள் கோயிலுக்குப் போகும்போது அம்மா பின் ஸீட்டிலிருந்து, "என்னடா, வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறது?" என்று கேட்டாள். "நன்றாகக் கழுவினால் அப்படித்தான் அம்மா, லேசாகிவிடும்" என்றான். அம்மா நம்பினாள். கல்லூரியில் படித்து, பத்திரிகை ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் நானும் நம்பினேன்.

உண்மையில் அவன் வண்டிக்கு டானிக் கொடுத்திருந்தான்.

இந்த டானிக் என்னவென்று வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். இக்காலத்துக் கார்களில் எஞ்சினை ஆட்டி வைப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. எவ்வளவு காற்று வந்தால் எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்தக் கணத்தில் தீப்பொறியைப் போடுவது, டர்போ எவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் அதற்குள் அட்டவணை அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறார்கள். டர்போ என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழலக் கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்.

அட்டவணை எழுதிய கம்பெனி எஞ்சினீயர், எஞ்சினால் முடிந்த அத்தனை வேலையையும் அதனிடம் வாங்குவதில்லை. கொஞ்சம் மிச்சம் வைக்கிறார். சித்திரை வெயிலிலும் ஓட வேண்டும், மலை மேலும் ஏற வேண்டும், எங்கேயோ ஒரு பங்கில் சுமாரான பெட்ரோல் போட்டாலும் பொறுக்க வேண்டும், லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும் என்பதற்காக வைக்கும் மிச்சம் அது. டானிக் கடைக்காரர்கள் அந்த மிச்சத்தின் மேல்தான் கை வைக்கிறார்கள். லாப்டாப்பைச் செருகி அட்டவணையைத் திருத்தி எழுதிவிட்டால், 110 குதிரைச் சக்தி 135 ஆகிவிடுகிறது. ஒரு பாகமும் புதிதாகப் போடுவதில்லை. செலவு முப்பதாயிரம் ரூபாய்.

நம் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குக்கருக்கு ஒரு 'வெயிட்' உண்டு. பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று அதன் மேல் ஒரு படிக்கல்லையும் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? பருப்பு சீக்கிரம்தான் வேகும். முதல் நாளும் ஒன்றும் ஆகாது. பத்தாம் நாளும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் குக்கர் வெடித்தால், கம்பெனிக்காரனிடம் போய் என்ன முகத்தோடு கேட்பது?

எங்கள் வீட்டுக் குக்கர் பத்து மாதம் தாங்கியது.

2024-ஆம் வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சீபுரத்தில் ஒரு முகூர்த்தம். பங்குனியிலிருந்தே காரில் ஏ.ஸி. சரியாகக் குளிரவில்லை. கூலிங் காயிலில் எங்கேயோ கசிவு. அடுத்த ஸர்வீஸுக்குக் கொடுக்கும்போது சொல்லிக் கொள்ளலாம் என்று இருந்தோம். அம்மா விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் எங்கோ விசில் அடிப்பது போல ஒரு சத்தம். பிறகு வண்டிக்கு இழுவை இல்லை. திரும்பிப் பார்த்தால், வண்டிக்குப் பின்னால் நீலமாக ஒரே புகை. கொசு மருந்து வண்டி மாதிரி நாங்கள் புகை விட்டுக் கொண்டிருந்தோம்!

முகூர்த்தம் போயிற்று. வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றி, சாயங்காலம் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஒர்க்ஷாப் திறந்திருக்கவில்லை. அப்பா சிறிதும் கலங்கவில்லை. "இன்னும் எட்டு மாதம் உத்தரவாதம் இருக்கிறது. நமக்கு என்ன கவலை?" என்று சொல்லிப் பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

தம்பி என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். "அக்கா, ஒரு சமாசாரம். அப்பாவிடம் சொல்லாதே" என்று ஆரம்பித்து, டானிக் விஷயம் முழுவதையும் சொன்னான். டர்போ போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. புதிது போட ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்பதும் தெரிந்திருந்தது.

"ஆனால் வழி இருக்கிறது. நாளைக் காலையில் அந்த ஆளை வரச் சொன்னால், கால் மணியில் பழைய அட்டவணையையே திருப்பி எழுதிக் கொடுத்துவிடுவார். அப்புறம் யாருக்குத் தெரியப் போகிறது?"

நான் மறுத்திருக்க வேண்டும். 'முடியாது, அப்பாவிடம் இப்போதே சொல்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் நான். ஆனால் ஒரு லட்ச ரூபாய் என்ற சத்தம் காதில் விழுந்ததுமே என் மனச்சாட்சி பாயைப் போட்டுப் படுத்துவிட்டது. "சரி, சீக்கிரம் முடி" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த ஆள் லாப்டாப்போடு வந்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு துவாரத்தில் கம்பியைச் செருகினார். சொன்னபடி கால் மணியில் முடித்தார். நடைப் பயிற்சி முடிந்து வந்த அப்பா, யாரோ மெக்கானிக் அக்கறையாகக் காலை வேளையிலேயே வந்து பார்க்கிறார் என்று நினைத்தார். உள்ளே போய்த் தாமே காபி கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஒர்க்ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா, நான், தம்பி மூவரும் போனோம். மானேஜர் வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். டர்போவின் தண்டு தளர்ந்து ஆடிப் போயிருப்பதைக் காட்டினார். பிறகு ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார்.

"ஸார், இந்தப் பெட்டிக்குள் எத்தனை தடவை எழுதினார்கள் என்று பெட்டியே எண்ணி வைத்துக் கொள்ளும். தொழிற்சாலையில் ஒரு தடவை. முதல் ஸர்வீஸில் நாங்கள் ஒரு தடவை. எங்கள் கணக்குப்படி இரண்டு. பெட்டி நாலு என்கிறது."

எல்லாக் கார்களிலும் இந்த எண்ணிக்கை ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் எழுத்தைக் கூட்டிப் பார்த்து ஒரு சரிபார்க்கும் எண்ணைச் சொல்லும் ஏற்பாடு இன்று பல வண்டிகளிலும் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் கூட்டல் தொகை மாறிவிடும். டானிக் உள்ளே இருந்தால் தொகை காட்டிக் கொடுக்கும். எடுத்துவிட்டாலும் சில வண்டிகளில் எண்ணிக்கை காட்டிக் கொடுக்கும். எங்களைக் காட்டிக் கொடுத்தது எண்ணிக்கை.

அப்பா அந்தக் காகிதத்தை நிதானமாகப் படித்தார். மானேஜரைப் பார்க்கவில்லை; எங்கள் இருவரையும் பார்த்தார். "கணக்கில் அழித்து எழுதினால் அழித்த இடம் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

கம்பெனி கையை விரித்துவிட்டது. டர்போவுக்குக் காசு கிடையாது. ஏ.ஸி.யின் கூலிங் காயிலுக்கும் கிடையாது. "மொத்த உத்தரவாதமும் ரத்து" என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு வந்து சேரும் வரையில் அப்பா வாயைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது, "உனக்கும் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன். "அவனுக்குக் காபி வேறே கொடுத்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தம்பி தூணைப் பிடித்துக் கொண்டு அழுதே விட்டான்.

ஆனால் அப்பா ஆடிட் இலாகாக்காரர் அல்லவா? அன்று இரவே கண்ணாடியை மாட்டிக் கொண்டு, பழுப்பு அட்டைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பென்ஸிலும் கையுமாகப் படிக்க ஆரம்பித்தார். நாங்கள் யாரும் அதுவரை அதைத் திறந்தே பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இங்கே பார். கம்பெனி அனுமதிக்காத மாற்றங்களினால் விளையும் கோளாறுகளுக்கு உத்தரவாதம் இல்லை என்று போட்டிருக்கிறது. மாற்றம் செய்தால் எல்லா உத்தரவாதமும் போய்விடும் என்று எங்கேயும் போடவில்லை. டர்போ போனதற்கு இவன் காரணம், ஒப்புக் கொள்கிறேன். கூலிங் காயில் என்ன பாவம் செய்தது?"

மறு நாள் நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சட்ட விஷயங்களைத் தேடினேன். செய்த தப்புக்கு அதுதான் பிராயச்சித்தம் என்று தோன்றியது.

அமெரிக்காவில் 1975-ஆம் வருஷத்திலிருந்தே உத்தரவாதத்துக்கென்று ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. வெளியார் செய்த பாகத்தை மாட்டினாய் என்ற ஒரே காரணத்தால் அங்கே கம்பெனி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தினால்தான் கோளாறு வந்தது என்றால் மறுக்கலாம். நம் நாட்டில் இதற்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2014-ஆம் வருஷம் ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தபோது, ஓர் உத்தரவும் போட்டது. வெளியே பழுது பார்த்தால் உத்தரவாதமே கிடையாது என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது. வெளியே செய்த கெட்ட வேலையினால் எவ்வளவு சேதமோ அவ்வளவுக்கு மட்டும்தான் உத்தரவாதத்தை மறுக்கலாம் என்றது. கம்பெனிகள் அதன் மேல் அப்பீலுக்குப் போயின. அந்த வழக்கு பழுது பார்ப்பதைப் பற்றியதே தவிர, டானிக்கைப் பற்றியது அல்ல. இருந்தாலும் நியாயம் ஒன்றுதானே?

அப்பா கம்பெனியின் தலைமை ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டே பாரா. முதல் பாராவில், 'என் மகன் எனக்குத் தெரியாமல் பெட்டியைத் திருத்தி எழுத வைத்தான். அதை மறைக்கவும் பார்த்தான். டர்போவின் செலவு எங்களுடையது' என்று உள்ளபடி ஒப்புக் கொண்டார். இரண்டாவது பாராவில், 'எஞ்சின் அட்டவணையைத் திருத்தியதால் ஏ.ஸி.யின் கூலிங் காயில் எவ்வாறு கசிந்தது என்பதை, உங்கள் புத்தகத்தின் எந்த விதிப்படி என்ற விவரத்தோடு, எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று கேட்டார்.

"முதல் பாரா எதற்கு அப்பா? நாமே வலியப் போய்ச் சொல்ல வேண்டுமா?" என்றேன்.

"முதல் பாரா இல்லாவிட்டால் இரண்டாவது பாராவை யாரம்மா நம்புவார்கள்?" என்றார்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. கூலிங் காயிலை இலவசமாக மாற்றித் தருகிறோம்; எஞ்சின், டர்போ, கியர் பெட்டி ஆகியவற்றுக்கு இனி உத்தரவாதம் இல்லை; மற்றவற்றுக்குக் கெடு முடியும் வரை உண்டு. அப்பா அதைப் படித்துவிட்டு, "நியாயம்" என்றார். டர்போவுக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. தம்பி மாதா மாதம் கட்டி வந்தான். அப்பா வட்டி வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுத்தார்.

டானிக் கொடுத்த எஞ்சின் எல்லாம் கெட்டுப் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. டானிக் கொடுக்காத டர்போவும் கெடுவது உண்டு. ஆனால் அப்படிக் கெட்டால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். இப்படிக் கெட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் பொறுப்பைத்தான் நாம் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்குகிறோம்.

எங்கள் வீட்டில் டானிக் கொடுக்கும் தம்பி இல்லை என்று வாசகிகள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். புதுக் கார் வந்த வாரத்திலேயே நாம் எல்லோரும் ஏதாவது செய்கிறோம். சத்தமான ஹாரனும், கண்ணைப் பறிக்கும் விளக்கும், பாட்டுப் பெட்டியும் கடைத்தெருவில் மாட்டுகிறோம். மாட்டுகிறவர் வண்டியின் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், பிறகு மின்சாரக் கோளாறு எது வந்தாலும் கம்பெனி அந்த டேப்பைத்தான் காட்டும். 'ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து மாட்டுங்கள்' என்று பக்கத்திலேயே நின்று சொல்ல வேண்டும். அழகான ஸீட் உறை போடுகிறோம். சில வண்டிகளில் ஸீட்டின் பக்கவாட்டில் உயிர் காக்கும் காற்றுப் பை இருக்கிறது. உறை அதை மூடிவிட்டால் விபத்தின்போது பை விரிய வழி இராது. அங்கே உத்தரவாதத்தை விடப் பெரியது போய்விடும். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதும் அப்படித்தான். 2017 டிசம்பரில் மத்திய அரசாங்கம் அதைச் சட்ட விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. வெளியிலே காஸ் கிட் போடுவதானால், கம்பெனியின் உத்தரவாதம் என்ன ஆகும் என்று முதலில் கேட்டுவிட்டு, ஆர்.ஸி. புத்தகத்திலும் இன்ஷ்யூரன்ஸிலும் பதிந்து கொள்ள வேண்டும்.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஸ்கூட்டர் புகைக்குழாயை மாற்றிவிட்டுத் தெருவையே அலற வைக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் இதைக் கத்தரித்து வைத்துக் கொள்ளலாம்.

நியாயமில்லாமல் மறுத்தால் சும்மா இருக்கவும் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் "எல்லாம் ரத்து" என்று சொல்கிறவர்கள் எழுதும்போது யோசித்து எழுதுவார்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கும் மேலே, 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஜில்லா ஆணையத்துக்குப் போகலாம். கோளாறு எதனால் வந்தது என்பதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் போகும்போது அப்பாவின் முதல் பாராவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

2025 தை மாதத்தோடு எங்கள் உத்தரவாதம் முடிந்தது. பழுப்பு அட்டைப் புத்தகம் மட்டும் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. போன வாரம் எதிர் வீட்டு மாமி மிக்ஸியைக் கொண்டு வந்தாள். தம்பி கழற்றினான், துடைத்தான், மாட்டினான். வழக்கம் போல ஒரு திருகாணி மிச்சம். அதைக் கையில் வைத்துக் கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல், மிக்ஸியை முதலிலிருந்து மறுபடியும் கழற்ற ஆரம்பித்தான்.

ஈஸிச் சேரில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த அப்பா, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அவனுக்கு ஒரு காபி கொண்டு வா, அம்மா."